நூறு குலவீரசிங்கம்

ஓல்ட்டனில் நவம்பர். ஆரே ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் மூட்டம்.
பழைய மரப்பாலத்தில் நடப்பவர்கள்
இடுப்புவரைதான் அச்சாகியிருக்கிறார்கள்.
காப்புறுதிக் கந்தோர், மூன்றாம் மாடி.
ஒன்பது மணி அழைப்பை எனக்கு மாற்றிவிட்டார்கள்,
தமிழ் என்பதால்.

"தங்கச்சி, நான் ட்ரிம்பாக்கிலயிருந்து கதைக்கிறன்.
நீங்கள் அனுப்பின கடிதத்தில
நூறு குலவீரசிங்கம் எண்டு கிடக்கு.
நான் ஒராள்தான் பிள்ளை."

திரையில் திறந்தேன். பொருள் வரியில்:
வேலைக்கு இயலாமை 100 குலவீரசிங்கம்ஐட் டெம் உன்ஃபால்.
கீழே, மதிப்புக்குரிய திரு,
பிறகு வெள்ளை.
யாருக்கோ பிடித்துவைத்து
அவர் வராமலே போன கதிரை.

"நூறு பேர் இருந்திருந்தா
அந்தச் சூப் பானையை நான் ஏன் தனியத் தூக்கிறன்,
தோள்மூட்டு ஏன் கழருது?"
சிரித்தார். சிரிப்பு தோளில் பட்டிருக்கவேண்டும்,
பாதியில் நின்றது.

எழுதியிருக்கவேண்டியது இவ்வளவுதான்:
நூறு விழுக்காடு, விபத்து முதல்.
அந்த 'முதல்' ஜெர்மனில் ஸைட்.
எங்கள் பழைய நிரலுக்கோ
விழுக்காட்டுக் குறி ஒரு திறந்த வாய்.
அதன் பின்னால், ஓர் இடைவெளி விட்டு வந்தாலும்,
ஸ் வந்தால் 'இங்கே ஒரு சொல் போடு' என்று பொருள்.
ஸ்-ஐத் தின்றது.
வரிசையில் முன்னால் நின்ற பெயரைத் தின்றது.
ஐட் என்று ஏப்பம் விட்டது.

ஊர்ஸ் ஹுன்ட்ஸிக்கர் காப்பியோடு வந்து பின்னால் நின்றான்.
யார் மாற்றியது?
பார்த்தோம். போன வியாழன், மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
ப்ரொட்சென்ட் என்ற சொல் நீளம், வரி உடைகிறது என்று
குறியாகச் சுருக்கியவள் பிரசாந்தினி.
நான்.
ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எனக்கு ரயில்.

மருந்து ஒரே தட்டல்:
குறிக்கு முன்னால் இன்னொரு குறி.
முன்னது பின்னதிடம் சொல்லும்,
உனக்கு இன்று வேலை இல்லை, சும்மா நில்,
உருவமாக மட்டும் இரு.
குறிக்கு நான் எழுதிக்கொடுத்த மருத்துவச் சான்றிதழ்.
அதற்கும் நூறு விழுக்காடு.
க-வின் தலையில் புள்ளி வைத்தால்
உள்ளிருக்கும் அகரம் வாய்மூடுவதுபோல என்று
ஊர்ஸுக்குச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.
புள்ளியாவது தாளில் தெரியும்.
இந்த முதல் குறியை யாரும் பார்க்கப்போவதில்லை.
சாய்கோடு இன்னும் பாவம்:
தன் முகத்தைக் காட்டத்
தன்னையே இரண்டு தடவை எழுதவேண்டிய பிறவி.

திருத்துவதற்கு முன் ஒருமுறை
என் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன்.
100 பிரசாந்தினிஐட்.
அச்சுப்பொறி சூடாகத் தந்தது.
நூறு நான், அத்தனை பேரும் வேலைக்கு இயலாதவர்கள்.
தாள் ஆறும்வரை மடியில் வைத்திருந்தேன்.

வியாழனுக்குப் பிறகு போன கடிதங்கள் நாற்பத்தொன்று.
நாற்பது பேர் அழைக்கவில்லை.
உறையைத் திறக்கவில்லையோ,
திறந்து, தாங்கள் நூறானதை
அரசாங்கக் காரியம் என்று ஏற்றுக்கொண்டார்களோ.

"புதுக்கடிதம் வரும் அண்ணை. பழசைக் கிழிச்சுப் போடுங்கோ."
"ஏன் பிள்ளை, கிடக்கட்டும்.
மூத்தவன் குளிர்பெட்டியில ஒட்டிப்போட்டான்.
பானை கழுவ ஆள் காணாதெண்டா
இதைக் காட்டச் சொல்லுறான்."

திரும்பினால், ஊர்ஸ் அடுத்ததைத் திறந்துவிட்டான்.
டி'அமிக்கோ, ஜூலியா. ஹெகன்டோர்ஃப்.
அவளுக்குப் போன கடிதத்தில்
பெயர் டி-யோடு நின்றுவிட்டதாம்.